வித்தைக் கரடிகள் மீட்பு (இந்தியா)

வித்தைக் கரடிகள் மீட்பு என்பது, இந்தியாவில் தெருக்களில் வித்தை காட்டுவதற்காகப் பிடித்து வளர்க்கப்பட்ட தேன்கரடிகளை அவற்றை வைத்திருந்தவர்களிடமிருந்து பெற்று, மீட்பு மையங்களில் குடியமர்த்தி, வாழ்நாள் முழுவதும் பேணும் பணியைக் குறிக்கும். 2002 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஆக்ராவுக்கு அருகில் தொடங்கிய இப்பணியின் மூலம் 600க்கும் மேற்பட்ட கரடிகள் மீட்கப்பட்டன. 2009 ஆம் ஆண்டு டிசம்பரில், பெங்களூருக்கு அருகிலுள்ள பன்னேருகட்டாவில் ராஜு என்னும் கரடி ஒப்படைக்கப்பட்டதுடன், பல நூற்றாண்டுகளாக நிலவிவந்த கரடி வித்தை நாட்டில் ஏறத்தாழ முடிவுக்கு வந்தது.

காட்டிலிருந்து கரடிகளைப் பிடிப்பது 1972 ஆம் ஆண்டு முதலே சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டிருந்தும், அதற்குப் பின் முப்பது ஆண்டுகள் கரடி வித்தை நெடுஞ்சாலைகளில் வெளிப்படையாகவே நடந்துவந்தது. பறிமுதல் செய்யப்படும் கரடியை வைத்துக்கொள்ள இடம் இல்லாமையும், கரடியை இழப்பவருக்கு வேறு பிழைப்பு இல்லாமையும் இதற்கு முதன்மையான காரணங்களாக இருந்தன. இவ்விரு குறைகளையும் ஒருசேரத் தீர்க்க முயன்றமையே இம்மீட்புப் பணியின் தனித்தன்மை ஆகும்.

பெயரும் சொற்பொருளும்

இவ்விலங்கு தமிழில் தேன்கரடி எனவும் அசுவல் எனவும் வழங்கப்படுகிறது. சங்க இலக்கியத்தில் கரடியைக் குறிக்க எண்கு என்னும் சொல் பயில்கிறது. எண்கு கறையான் புற்றைத் தோண்டுவதும் இலுப்பைப் பூவை உண்பதும் அப்பாடல்களில் கூறப்படுகின்றன. இவை இரண்டும் தேன்கரடியின் இயல்பான உணவுப் பழக்கங்கள் ஆகும்.

கரடிகள் தொடர்பாகச் சரணாலயம் என்னும் சொல் இருவேறு பொருளில் ஆளப்படுகிறது. இந்தியச் சட்டப்படி சரணாலயம் என்பது காட்டுயிர்கள் தம் இயல்பில் வாழும் காப்புக் காட்டுப்பகுதியைக் குறிக்கும். கர்நாடகத்தில் உள்ள தரோஜி, குசராத்தில் உள்ள ஜெசோர், ரத்தன்மகால் ஆகியவை தேன்கரடிகளுக்குப் பெயர்பெற்ற இத்தகைய சரணாலயங்கள் ஆகும். மனிதர்களிடமிருந்து மீட்கப்பட்ட கரடிகளை வேலியிட்ட பரந்த வெளியில் வைத்துப் பேணும் இடங்களும் பேச்சு வழக்கில் சரணாலயம் என்றே சொல்லப்படுகின்றன. குழப்பத்தைத் தவிர்க்கும் பொருட்டு, இக்கட்டுரையில் இவை மீட்பு மையம் எனக் குறிப்பிடப்படுகின்றன.

தேன்கரடியின் இயல்புகள்

தேன்கரடி இந்தியா, இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளில் வாழும் பாலூட்டி விலங்காகும். வளர்ந்த ஆண் கரடி 80 முதல் 145 கிலோகிராம் வரையும், பெண் கரடி 55 முதல் 95 கிலோகிராம் வரையும் எடை இருக்கும். உடல் முழுவதும் அடர்ந்த கரிய முடியும், நெஞ்சில் வெண்ணிறப் பிறை வடிவமும், வெளுத்த நீண்ட முகவாயும் இதன் அடையாளங்கள் ஆகும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இது அழிவாய்ப்புள்ள இனமாகக் குறிக்கப்பட்டுள்ளது.

கரடி இனங்களுள் கறையானையும் எறும்பையும் முதன்மை உணவாகக் கொண்டது இது ஒன்றே ஆகும். இதற்கேற்ப இதன் மேல்தாடையில் நடுவெட்டுப் பற்கள் இரண்டு இல்லை. கூர்மையான நீண்ட நகங்களால் புற்றைப் பிளந்து, முகவாயை உள்ளே நுழைத்து, மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு, உதடுகளைக் குழல்போல் குவித்து, பல்லிடைவெளி வழியாகப் பூச்சிகளை உறிஞ்சி உண்ணும். இந்த ஓசை நெடுந்தொலைவுக்குக் கேட்கும். பழங்கள், பூக்கள், தேன் ஆகியவற்றையும் உண்ணும். 1791 ஆம் ஆண்டில் இவ்விலங்கை விவரித்த ஆங்கிலேய இயற்கையியலாளர் சார்ச்சு ஷா, இதன் நகங்களையும் பல்லமைப்பையும் கண்டு, தென்னமெரிக்க மரங்களில் தொங்கி வாழும் சுலோத்து விலங்கின் உறவினம் எனத் தவறாக எண்ணினார். ஆங்கிலத்தில் இன்றும் இதற்கு வழங்கும் பெயர் அத்தவறிலிருந்து பிறந்ததாகும்.

பெண் கரடி ஓர் ஈற்றில் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு குட்டிகளை ஈனும். குட்டிகள் தாயின் முதுகில் ஏறிக்கொண்டு செல்வது இவ்வினத்தின் சிறப்பியல்பு. ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டுகள் வரை குட்டி தாயுடனேயே இருந்து, உணவு தேடவும் ஆபத்தை அறியவும் கற்றுக்கொள்கிறது.

கரடி வித்தை

கலந்தர்கள்

இந்தியாவில் கரடி வித்தையைக் குலத்தொழிலாகக் கொண்டிருந்தவர்கள் கலந்தர் எனப்படும் இசுலாமிய நாடோடிச் சமூகத்தினர் ஆவர். ஊர் ஊராகத் திரிந்த சூஃபித் துறவிகளைக் குறிக்கும் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. முகலாயர் காலத்தில் இவர்கள் அரசவைகளில் கரடிகளை ஆட்டி மகிழ்வித்ததாகக் கூறப்படுகிறது. அரசவைகளின் ஆதரவு மறைந்தபின் இவர்கள் ஊர்ப்புறங்களிலும் சந்தைகளிலும் வித்தை காட்டிப் பிழைக்கலாயினர். உத்தரப் பிரதேசம், இராசத்தான், மத்தியப் பிரதேசம், கர்நாடகம், ஆந்திரப் பிரதேசம் முதலிய மாநிலங்களில் இவர்களின் குடியிருப்புகள் இருந்தன.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், தில்லி, ஆக்ரா, செய்ப்பூர் ஆகிய நகரங்களை இணைக்கும் சாலைகளில், குறிப்பாகப் பத்தேப்பூர் சிக்ரியை ஒட்டிய பகுதியில், சுற்றுலாப் பயணிகளின் வண்டிகளை மறித்துக் கரடியை ஆட்டுவது வழக்கமாக இருந்தது. கரடியின் முடியை அடைத்த தாயத்துகளும் விற்கப்பட்டன. அவை நோயையும் தீய கண்ணேறையும் விலக்கும் என மக்கள் நம்பினர்.

பழக்கும் முறை

வித்தைக்குரிய கரடிகள் அனைத்தும் காட்டிலிருந்து குட்டியாகப் பிடிக்கப்பட்டவையே. குட்டியைத் தாயிடமிருந்து பிரிப்பது எளிதன்று என்பதால் பெரும்பாலும் தாய்க் கரடி கொல்லப்பட்டது. குட்டிகள் இடைத்தரகர்கள் வழியாகக் கைமாறின. பிடிக்கப்பட்ட குட்டிகளில் பல, விற்கப்படும் முன்னரே பட்டினியாலும் நீர்வற்றலாலும் இறந்தன.

சில மாத வயதுடைய குட்டியின் முகவாயில், மயக்க மருந்து எதுவும் இன்றி, பழுக்கக் காய்ச்சிய இரும்பு ஊசியால் துளையிட்டு, அத்துளை வழியே முரட்டுக் கயிறு செலுத்தப்படும். கோரைப் பற்கள் உடைக்கப்படும். நகங்கள் வெட்டப்படும். ஆண் குட்டிகளுக்கு விதை நீக்குவதும் உண்டு. முகவாய் கரடியின் உடலில் நரம்புகள் செறிந்த பகுதியாதலால், கயிற்றை மேல்நோக்கிச் சுண்டும்போது வலியைத் தவிர்ப்பதற்காகக் கரடி பின்னங்கால்களில் எழுந்து நிற்கும். தடியாலும் கயிற்றாலும் இது மீண்டும் மீண்டும் செய்யப்படுவதால், நாளடைவில் கைப்பறையின் ஒலியைக் கேட்டவுடனேயே கரடி எழுந்து அசையத் தொடங்கும். பார்வையாளர்கள் நடனம் எனக் கண்டது இவ்வலியின் விளைவே ஆகும். காலப்போக்கில் துளை ஆறாப் புண்ணாகி, சீழும் புழுவும் வைப்பது மிகுதியாகக் காணப்பட்டது.

உடல்நலத் தாக்கங்கள்

வித்தைக் கரடிகளுக்குப் பெரும்பாலும் ரொட்டியும் பாலும் போன்ற மலிவான உணவே கிடைத்தது. ஊட்டக்குறையும் வெயிலும் சேர்ந்து பல கரடிகள் கண்புரையாலும் பிற காரணங்களாலும் பார்வையிழந்தன. மனிதர்களுடன் நெருங்கி வாழ்ந்தமையால் காசநோய் தொற்றுவதும் அறியப்பட்டுள்ளது. உடைந்த பற்களின் வேரில் சீழ்க்கட்டு உண்டாவது பொதுவான நோயாக இருந்தது. தலையை இடையறாது ஆட்டுதல், ஒரே இடத்தில் முன்னும் பின்னும் நடத்தல், தன் பாதத்தைத் தானே சப்புதல் போன்ற, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் நடத்தைகளும் இக்கரடிகளில் காணப்பட்டன. இவை நெடுங்காலம் மன அழுத்தத்துக்கு உள்ளான விலங்குகளின் அறிகுறிகளாகக் கருதப்படுகின்றன.

சட்டநிலை

இந்தியாவில் வித்தைக் கரடிகளைப் பாதித்த சட்டங்கள் இரண்டு.

காட்டுயிர் (பாதுகாப்பு) சட்டம், 1972: காட்டு விலங்குகளை வேட்டையாடுவதையும் உரிய இசைவின்றி வைத்திருப்பதையும் இச்சட்டம் தடுக்கிறது. தேன்கரடி இதன் முதலாம் அட்டவணையில் இடம்பெற்று மிக உயர்ந்த பாதுகாப்பைப் பெற்றுள்ளது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய உடன்படிக்கையின் முதல் பின்னிணைப்பிலும் இது சேர்க்கப்பட்டுள்ளது.

விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 1960: இச்சட்டத்தின் 22 ஆம் பிரிவின்படி, சில விலங்குகளைக் காட்சிப்படுத்துவதையும் அதற்காகப் பழக்குவதையும் நடுவண் அரசு தடை செய்யலாம். 1998 ஆம் ஆண்டு அக்டோபர் 14 அன்று வெளியான அறிவிக்கை கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகிய ஐந்து விலங்குகளை இத்தடையின்கீழ்க் கொண்டுவந்தது. சர்க்கசுத் தொழில் தரப்பினர் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். கேரள உயர் நீதிமன்றம் 2000 ஆம் ஆண்டில் அறிவிக்கை செல்லும் எனத் தீர்ப்பளித்தது. 2001 ஆம் ஆண்டு மே 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

இத்தீர்ப்பினால் ஐந்து விலங்குகளுக்கும் தங்குமிடம் தேவைப்பட்டது. சர்க்கசுகளிலிருந்து பெறப்பட்ட சிங்கங்களுக்கும் புலிகளுக்கும் சென்னை வண்டலூர், திருப்பதி, விசாகப்பட்டினம், பன்னேருகட்டா முதலிய இடங்களில் மீட்பு மையங்கள் அமைந்தன. தெருக்களில் இருந்த கரடிகளின் நிலை வேறு. அவை சில நிறுவனங்களிடம் தொகுதியாக இருந்தவை அல்ல. நூற்றுக்கணக்கான ஏழைக் குடும்பங்களிடம் ஒன்றிரண்டாகச் சிதறியிருந்தன. வனத்துறை ஒரு கரடியைப் பறிமுதல் செய்தால் அதை ஒப்படைக்க ஏற்ற இடம் இல்லை. கரடியை இழந்த குடும்பம் மற்றொரு குட்டியை வாங்கினால், காட்டில் மற்றொரு தாய்க் கரடி கொல்லப்படும். எனவே பறிமுதல் மட்டுமே தீர்வாகாது என்பது உணரப்பட்டது.

மீட்புப் பணியின் வரலாறு

தொடக்கம்

கார்த்திக் சத்தியநாராயண், கீதா சேஷமணி ஆகிய இருவரும் 1995 ஆம் ஆண்டில் தில்லியில் வைல்டுலைஃப் எஸ்.ஓ.எஸ். என்னும் தன்னார்வ அமைப்பை நிறுவினர். இவ்வமைப்பு கலந்தர் குடியிருப்புகளுக்குச் சென்று நடத்திய கள ஆய்வில், நாட்டில் ஏறத்தாழ 1,200 வித்தைக் கரடிகள் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. கரடிகளின் எண்ணிக்கையுடன் அவற்றை நம்பியிருந்த குடும்பங்களின் வருவாய், கடன், கல்வி ஆகியவையும் இவ்வாய்வில் திரட்டப்பட்டன. கரடியை விட்டுவிட விரும்பும் பலரும் வேறு தொழில் இன்மையாலேயே தயங்குவது தெரியவந்தது.

ஆக்ரா மையம்

உத்தரப் பிரதேச வனத்துறையின் ஒத்துழைப்புடன், ஆக்ராவுக்கும் மதுராவுக்கும் இடையில், கீதம் ஏரியைச் சூழ்ந்துள்ள சூர் சரோவர் பறவைகள் சரணாலயத்துக்குள் முதல் மையத்துக்கு இடம் ஒதுக்கப்பட்டது. 2002 ஆம் ஆண்டு டிசம்பரில் முதல் கரடிகள் இங்குக் கொண்டுவரப்பட்டன. ஆத்திரேலியாவின் ஃபிரீ தி பியர்சு ஃபண்டு, பிரித்தானியாவின் இன்டர்நேசனல் அனிமல் ரெசுக்யூ, பிரான்சின் ஒன் வாய்சு ஆகிய அமைப்புகள் பணத்தாலும் ஆட்களாலும் துணைநின்றன. தேன்கரடிகளுக்கான மீட்பு மையங்களுள் உலகிலேயே மிகப்பெரியது இதுவாகும்.

பிற மையங்கள்

கரடிகள் ஆக்ராவைச் சுற்றி மட்டும் இல்லாததாலும், நோயுற்ற கரடியை நெடுந்தொலைவு கொண்டுசெல்வது அதற்குத் தீங்கு என்பதாலும், பிற பகுதிகளிலும் மையங்கள் தேவைப்பட்டன. 2005 ஆம் ஆண்டில் கர்நாடகத்தின் பன்னேருகட்டாவிலும், 2006 ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தின் போபாலில் வன விகார் தேசியப் பூங்காவிலும் மையங்கள் தொடங்கப்பட்டன. மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்திலும் சிறிய மையம் ஒன்று அமைந்தது. இவை அந்தந்த மாநில வனத்துறைகளின் கூட்டுறவுடனும் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் நெறிமுறைகளுக்கு உட்பட்டும் இயங்குகின்றன.

இறுதிக் கட்டம்

2009 ஆம் ஆண்டு டிசம்பரில் ராஜு என்னும் கரடி பன்னேருகட்டா மையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. நாட்டின் கடைசி வித்தைக் கரடி என இது அறிவிக்கப்பட்டது. எனினும் அதன் பின்னரும் எல்லைப்புறப் பகுதிகளில் மறைவாக வைக்கப்பட்டிருந்த ஒருசில கரடிகள் கண்டுபிடித்து மீட்கப்பட்டன.

2017 ஆம் ஆண்டு டிசம்பரில் நேபாளத்தில் ரங்கீலா, ஸ்ரீதேவி என்னும் இரு கரடிகள் மீட்கப்பட்டன. அந்நாட்டில் எஞ்சியிருந்ததாக அறியப்பட்ட வித்தைக் கரடிகள் இவை இரண்டே. இவை பின்னர் உயிரியல் பூங்காவில் வைக்கப்பட்டன. ஸ்ரீதேவி அங்கு உயிரிழந்தது. 2018 ஆம் ஆண்டு சூலை மாதத்தில் ரங்கீலா இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு ஆக்ரா மையத்தில் சேர்க்கப்பட்டது.

கலந்தர்களின் மறுவாழ்வு

கரடியை ஒப்படைக்கும் கலந்தர், இனி எக்காரணம் கொண்டும் கரடி வைத்திருப்பதில்லை என எழுத்து மூலம் உறுதியளிக்க வேண்டும். அதற்கு ஈடாக அவர் மாற்றுத் தொழில் தொடங்குவதற்கான நிதியும் பயிற்சியும் பெற்றார். தொகை கரடிக்கு விலையாக அன்றி, தொழிலுக்கான முதலாகவே வழங்கப்பட்டது. கரடிக்கு விலை கொடுத்தால், அப்பணத்தில் மற்றொரு குட்டியை வாங்கவும் விற்கவும் தூண்டுதல் ஏற்படும் என்பதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம் ஆகும்.

தானுந்து மூவுருளி ஓட்டுதல், சிறுகடை வைத்தல், கம்பள நெசவு முதலிய தொழில்களில் பலர் ஈடுபட்டனர். பெண்களுக்குத் தையலும் பூவேலையும் கற்பிக்கப்பட்டன. வருவாயில் பெண்களுக்குப் பங்கு உண்டானது இச்சமூகத்தில் குறிப்பிடத்தக்க மாற்றமாகும். நாடோடி வாழ்க்கையால் பள்ளி செல்லாதிருந்த சிறுவர் சிறுமியருக்குக் கல்வி உதவி வழங்கப்பட்டது. கலந்தர்களுள் சிலர் மீட்பு மையங்களிலேயே கரடிப் பராமரிப்பாளர்களாகப் பணியமர்த்தப்பட்டனர்.

குட்டிகளைப் பிடிப்பவர்களையும் இடைத்தரகர்களையும் கண்காணிப்பதற்குத் தகவலாளர் அமைப்பும் உருவாக்கப்பட்டது. கடத்தலின்போது கைப்பற்றப்பட்ட குட்டிகளும் மீட்பு மையங்களுக்கு வந்துசேர்ந்தன.

மீட்பு மையத்தில் கரடியின் வாழ்க்கை

மருத்துவமும் தனிமைப்படுத்தலும்

மையத்துக்கு வரும் கரடிக்கு மயக்க மருந்து செலுத்தி, முகவாயில் உள்ள கயிறு வெட்டி நீக்கப்படுகிறது. சில கரடிகளில் கயிறு தசையுடன் ஒட்டியிருக்கும். புண் தூய்மை செய்யப்பட்டு, பற்கள், கண்கள், இரத்தம் ஆகியவை ஆய்வு செய்யப்படுகின்றன. குடற்புழு நீக்கமும் தடுப்பூசியும் அளிக்கப்படுகின்றன. வேருடன் அழுகிய பற்கள் பிடுங்கப்படுகின்றன. காசநோய் போன்ற தொற்றுகள் பிற கரடிகளுக்குப் பரவாதிருக்க, புதிய கரடி ஏறத்தாழ மூன்று மாதங்கள் தனியே வைக்கப்படுகிறது.

பிற கரடிகளுடன் பழகுதல்

குட்டிப் பருவம் முதல் மற்றொரு கரடியையே காணாத விலங்குகளுக்கு, தம் இனத்துடன் பழகுவது புதிய பாடமாகும். எனவே அவை முதலில் வேலிக்கு இருபுறமும் நின்று முகர்ந்து அறியும்படி வைக்கப்படுகின்றன. சண்டையிடாத கரடிகளே பின்னர் ஒரே வெளியில் விடப்படுகின்றன. பார்வையற்ற கரடிகள் மணத்தைக் கொண்டே வழியும் துணையும் அறிகின்றன. இவற்றின் இருப்பிட அமைப்பு அடிக்கடி மாற்றப்படுவதில்லை.

உணவும் சூழலும்

கூலங்களைக் கொண்டு காய்ச்சிய கஞ்சி, பால், முட்டை, பழங்கள், தேன் ஆகியவை உணவாக வழங்கப்படுகின்றன. பற்கள் உடைக்கப்பட்ட கரடிகளும் கஞ்சியை எளிதாக உண்ண இயலும். கோடையில் தர்பூசணிப் பழம் கொடுக்கப்படுகிறது.

இயற்கையில் தேன்கரடி விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியை உணவு தேடுவதிலேயே கழிக்கிறது. உணவைத் தட்டில் வைத்துவிட்டால் எஞ்சிய நேரம் வெறுமையாகி, பழைய தலையாட்டம் மீண்டும் தோன்றும். இதைத் தவிர்க்க, மரக்கட்டைகளின் பொந்துகளில் தேன் தடவுதல், பழங்களை மண்ணுக்குள்ளும் இலைகளுக்குள்ளும் மறைத்துவைத்தல், ஏறுவதற்கு மேடைகளும் படுப்பதற்கு ஊஞ்சல்களும் அமைத்தல் போன்றவை மேற்கொள்ளப்படுகின்றன. இது சூழல் வளமூட்டல் எனப்படும். ஆக்ராவில் கோடை வெப்பம் 45 பாகை செல்சியசைத் தாண்டுவதுண்டு. ஆகையால் குளியல் தொட்டிகளும் நீர்த்தூவிகளும் நிழல் மரங்களும் இன்றியமையாதவை ஆகும்.

நடத்தை மாற்றம்

புதிய சூழலில் பெரும்பாலான கரடிகளின் எடை கூடுகிறது. முடி அடர்த்தியாக வளர்கிறது. மண்ணைத் தோண்டுதல், மரமேறுதல் ஆகிய இயல்பான செயல்கள் திரும்புகின்றன. கயிறு நீக்கப்பட்ட பின்னரும் தலையை ஆட்டும் பழக்கம் சில கரடிகளில் ஆண்டுக்கணக்கில் நீடிப்பதுண்டு. புண் ஆறும் வேகத்தில் நடத்தை ஆறுவதில்லை.

காட்டில் விடப்படாமைக்கான காரணங்கள்

மீட்கப்பட்ட வித்தைக் கரடிகள் மீண்டும் காட்டில் விடப்படுவதில்லை. இதற்குக் கூறப்படும் காரணங்கள் வருமாறு:

உடற்குறை: நகமும் முகவாயும் தேன்கரடிக்கு உணவு தேடும் கருவிகள் ஆகும். முகவாய் துளைக்கப்பட்டு, பற்கள் உடைக்கப்பட்ட கரடி தன் உணவைத் தானே தேடிக்கொள்வதும் பிற கரடிகளிடமிருந்தும் புலியிடமிருந்தும் தன்னைக் காத்துக்கொள்வதும் அரிது.

கல்வியின்மை: தாயிடமிருந்து கற்க வேண்டியதைக் கற்கும் முன்னரே இவை பிரிக்கப்பட்டவை.

மனிதரிடம் அச்சமின்மை: தேன்கரடி இயல்பிலேயே திடுக்கிட்டால் தாக்கக்கூடியது. மனித வாடையை உணவுடன் தொடர்புபடுத்திப் பழகிய கரடி ஊருக்குள் வருமாயின் மனிதருக்கும் கரடிக்கும் ஆபத்து விளையும்.

நோய்ப்பரவல்: காசநோய் போன்ற தொற்றுகள் காட்டுக் கரடிகளுக்குப் பரவ வாய்ப்புண்டு.

இக்காரணங்களால் மையத்தின் வாழ்க்கை விடுதலை அன்று எனவும், இழந்ததை முழுமையாகத் திருப்பித் தர இயலாத நிலையில் கிடைக்கும் அடுத்த சிறந்த வாழ்க்கை எனவும் கருதப்படுகிறது. மீட்பு மையங்களில் இனப்பெருக்கம் அனுமதிக்கப்படுவதில்லை. அங்கு பிறக்கும் குட்டியும் வாழ்நாள் முழுவதும் வேலிக்குள்ளேயே இருக்க நேரிடும் என்பதும், மீட்கப்படவேண்டிய விலங்குகளுக்கான இடம் குறையும் என்பதும் இதற்குக் காரணங்கள் ஆகும்.

சிக்கல்களும் விவாதங்களும்

தேன்கரடி பேணப்படும் நிலையில் 30 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும். ஒரு கரடியை மீட்பது ஒரு நாள் நிகழ்வு. அதைப் பேணுவதோ பல பத்தாண்டுச் செலவு. நன்கொடைகளை நம்பி இயங்கும் மையங்களுக்கு இது நீங்காத சுமையாகும். முதுமை எய்திய கரடிகளில் மூட்டுவாதம், பார்வைக் குறைவு, கல்லீரல், பித்தப்பை ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய் போன்றவை காணப்படுகின்றன. மிகுந்த வலியில் உள்ள கரடியின் உயிரை எப்போது வலியின்றி முடிப்பது என்பது மருத்துவர்கள் எதிர்கொள்ளும் கடினமான கேள்வி ஆகும்.

தனித்தனி விலங்குகளைப் பேணச் செலவிடும் பணத்தைக் காடுகளைக் காக்கச் செலவிடலாம் என்னும் கருத்தும் உண்டு. குட்டிகளுக்கான தேவை அற்றுப்போனதால் தாய்க் கரடிகள் கொல்லப்படுவதற்கான காரணங்களுள் ஒன்று நீங்கியது எனவும், ஆகவே மீட்பும் காட்டுப் பாதுகாப்பும் வெவ்வேறல்ல எனவும் இதற்கு மறுமொழி கூறப்படுகிறது. எனினும் காடழிப்பு, சுருக்குக் கண்ணி, பித்தநீருக்கும் உடலுறுப்புகளுக்குமான வேட்டை, மனித-கரடி மோதல் ஆகியவை தேன்கரடிக்கு இன்றும் அச்சுறுத்தலாகத் தொடர்கின்றன.

2009 ஆம் ஆண்டுக்குப் பின் புதிய வித்தைக் கரடிகளின் வரவு ஏறத்தாழ நின்றுவிட்டதால், மையங்களில் உள்ள மீட்கப்பட்ட கரடிகளின் எண்ணிக்கை முதுமை இறப்புகளால் குறைந்துவருகிறது. வித்தைக் கரடிகளின் கடைசித் தலைமுறை இயல்பாக மறைவதே இப்பணியின் நோக்கம் நிறைவேறியதற்கு அடையாளமாகும். கண்ணியில் சிக்கியும் கிணற்றில் விழுந்தும் காயமுறும் காட்டுக் கரடிகளுக்கு மருத்துவம் அளிப்பதில் இம்மையங்களின் பட்டறிவு பயன்படுகிறது.

பிற நாடுகளில்

பல்கேரியா: பழுப்புக் கரடிகளைக் கொண்டு நடத்தப்பட்ட கரடி வித்தையை ஒழிக்க, 2000 ஆம் ஆண்டில் பெலிட்சாவில் மீட்புப் பூங்கா அமைக்கப்பட்டது. 2007 ஆம் ஆண்டில் நாட்டின் கடைசி வித்தைக் கரடிகள் அங்குச் சேர்ந்தன.

உருமேனியா: உணவகங்களின் வாயிலில் கூண்டில் வைக்கப்பட்டிருந்த கரடிகளுக்காக, 2005 ஆம் ஆண்டில் சர்னெசுட்டி நகருக்கு அருகில் மீட்பு மையம் தொடங்கப்பட்டது.

பாக்கித்தான்: நாய்களை ஏவிக் கரடியுடன் மோதவிடும் வதைக் கேளிக்கையிலிருந்து மீட்கப்பட்ட கரடிகளுக்குக் குந்து என்னுமிடத்தில் மையம் இருந்தது. 2010 ஆம் ஆண்டு பெருவெள்ளத்தில் அது அழிந்து, பெரும்பாலான கரடிகள் மடிந்தன. உயிர்தப்பியவை பஞ்சாப் மாகாணத்தின் பால்கசார் மையத்துக்கு மாற்றப்பட்டன. மீட்பு மையத்துக்கு இடம் தேர்வதில் கவனம் தேவை என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

சீனா, வியட்நாம்: பித்தநீர் எடுப்பதற்காகக் கூண்டில் அடைக்கப்பட்ட ஆசியக் கருங்கரடிகளுக்கென, 1998 ஆம் ஆண்டில் சில் இராபின்சன் நிறுவிய அனிமல்சு ஆசியா அமைப்பு, சீனாவின் செங்டு நகருக்கு அருகிலும் வியட்நாமின் தாம் தாவோ தேசியப் பூங்காவிலும் மையங்களை அமைத்தது.

காலக்கோடு

1960 – விலங்கு வதைத் தடுப்புச் சட்டம்
1972 – காட்டுயிர் (பாதுகாப்பு) சட்டம்
1995 – வைல்டுலைஃப் எஸ்.ஓ.எஸ். நிறுவப்படுதல்
1998 – கரடி உள்ளிட்ட ஐந்து விலங்குகளைக் காட்சிப்படுத்தத் தடை
2001 – உச்ச நீதிமன்றம் தடையை உறுதிசெய்தல்
2002 – ஆக்ரா மையத்துக்கு முதல் கரடிகள் வருதல்
2005 – பன்னேருகட்டா மையம்
2006 – போபால் மையம்
2009 – ராஜு ஒப்படைக்கப்படுதல்
2018 – நேபாளத்திலிருந்து ரங்கீலா ஆக்ராவுக்கு வருதல்

இவற்றையும் பார்க்கவும்

தேன்கரடி
ஆசியக் கருங்கரடி
காட்டுயிர் (பாதுகாப்பு) சட்டம், 1972
சூர் சரோவர் பறவைகள் சரணாலயம்
பன்னேருகட்டா தேசியப் பூங்கா
அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா